இருபத்தேழாம் நம்பர் பெருமாள்

ஆல்பத்தைப் பார்த்தாலே காஜா மைதீனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த லித்தோ பிரஸ்ஸில் அவர் பதினோரு வருஷமாகப் படம் வரைந்துகொண்டிருந்தார். சுருட்டு லேபிள், பாக்குப் பொட்டலம், ஊதுபத்தி உறை, ஜவுளிக்கடைக் காலண்டர் எல்லாம் அவர் கைதான். ஆனால் எதுவும் அவர் கண் இல்லை. வாடிக்கைக்காரர் யார் படியேறி வந்தாலும், முதலாளி வெள்ளைச்சாமி முதலில் மேஜைமேல் தூக்கி வைப்பது அந்த ஆல்பத்தைத்தான். தலையணை கனம் இருக்கும். சீமைத் துணிக்கட்டில் ஒட்டி வந்த லேபிள், பிஸ்கட் டின்னிலிருந்து உரித்த காகிதம், பம்பாய்க் காலண்டர், கல்கத்தாக் காலண்டர், ஜப்பான் விசிறிப் படம் என்று எங்கெங்கோ கிழித்தவற்றை அதில் ஒட்டி நம்பர் போட்டிருந்தார்கள். வந்தவர் விரலை எச்சில் தொட்டுப் புரட்டுவார். "மூஞ்சி பதினாலாம் நம்பர், சேலை முப்பத்தொண்ணு, பின்னால அந்த ஏரி இருக்கே, அது" என்பார். வெள்ளைச்சாமி அதை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவார். சீட்டு காஜா மைதீனின் மேஜைக்கு வரும். கிளப்புக் கடையில் ரெண்டு இட்லி, ஒரு வடை என்று உள்ளே குரல் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்பார். 

இப்படித்தான் ஓர் உறையூர்ச் சுருட்டுப் பெட்டியின்மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு பனிமலைக்கு முன்னால் நின்று சிரித்தாள். அவளை வரைந்து முடித்த அன்று பாலக்கரையிலிருந்த தன் வீட்டுக்குப் போய் அவர் சோற்றைத் தொடவில்லை.

"ஒரு லேபிளுக்கா இம்புட்டுக் கோவம்?" என்றாள் அவர் மனைவி கமர் ஜஹான்.

"அந்த மலை எங்க இருக்கு சொல்லு. பச்சமலையில பனி கொட்டுதா? துறையூர்ல கொட்டுதா?"

"வாங்குறவன் பெட்டியப் பிரிச்சுத் தூரப் போடப் போறான். அதுக்குள்ள எந்த மலை இருந்தா உங்களுக்கு என்ன? ரசம் ஆறுது."

அவளுக்குக் கோபம் புரியாமல் இல்லை. பதினோரு வருஷமாக அதே கோபத்தைக் கேட்டு அலுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரஸ் கிடையாது. காலையில் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடம்வரை நடப்பார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்து குளிக்கிறவர்களை வரைவார். கொள்ளிடத்தில் சலவைக்காரர்கள் புடவைகளை மணலில் நீளமாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. ஒரு புடவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு முழம் மணல். முதல் தடவை கரையின் மேலிருந்து அதைப் பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டார். நிழல் இல்லை, மடிப்பு இல்லை, தடவித் தடவி உருட்டிக் காட்டிய கன்னம் இல்லை. பட்டை பட்டையாக நிறம், அவ்வளவுதான். இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. சும்மா கிடந்த மணலும் அங்கே ஒரு நிறமாக வேலை செய்தது.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு பாக்கு லேபிள் வரைந்தார். மூன்று பட்டை நிறம், நடுவில் குறுக்கே வெட்டின ஒரு கொட்டைப் பாக்கு. மறுநாள் வெள்ளைச்சாமியிடம் காட்டினார்.

"படம் எங்க பாய்?"

"இதான் படம், முதலாளி."

"வேட்டிக் கரை மாதிரி இருக்கு. ஒரு மூஞ்சி போடுங்க. எதுவும் தோணலைன்னா ஆல்பத்தப் பாருங்க. அதுக்குத்தானே வாங்கி வச்சிருக்கேன்."

தோணினதைத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெள்ளைச்சாமி அந்தக் காகிதத்தின்மேல் காப்பி டம்ளரை வைத்துவிட்டார்.

1957 ஐப்பசியில் சௌரிராஜ ஐயங்கார் வந்தார். ஸ்ரீரங்கத்தில் ஜவுளிக்கடை. மார்கழியில் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க, பள்ளிகொண்ட பெருமாள் படம் போட்ட காலண்டர் ஐயாயிரம் வேண்டும் என்றார். ஆல்பம் வந்தது. புரட்டினார். இருபத்தேழாம் நம்பரில் நின்றார். எந்த ஊரிலோ அச்சான படம். பாம்பணையில் பெருமாள், கிரீடம், மகரகண்டிகை, பட்டுப் பீதாம்பரம், எல்லாம் தகதகவென்றிருந்தது.

"இதான். ஒரு மயிரிழை மாறப்படாது. அந்த ஜரிகை அப்படியே வரணும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சீட்டு மேஜைக்கு வந்தது. காஜா மைதீன் படத்தைப் பார்த்தார். பெருமாளின் தலை வலப்பக்கம் இருந்தது.

லித்தோ என்றால் கல்லச்சு; எதையும் கல்லில் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். கல்லில் வலப்பக்கம் இருப்பது காகிதத்தில் இடப்பக்கம் விழும். பதினோரு வருஷம் இதையே செய்தவருக்கு இடதும் வலதும் சோறும் குழம்பும் மாதிரி. தெருவில் நடப்பவன் எந்தத் தோளில் துண்டு போட்டிருக்கிறான் என்பதுகூட அவர் கண்ணில் முதலில் படும். அவர் கோவிலுக்குள் போனதில்லை, போக முடியாது. ஆனால் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார், தலை மேற்கே என்பது படித்துறையில் காது கொடுத்து உட்காருகிற எவனுக்கும் தெரியும். கும்பிடுகிறவன் வடக்கே பார்த்து நிற்பான். அவனுக்கு மேற்கு இடக்கைப் பக்கம். அப்படியானால் தலை இடப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

படத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார்.

"இது ஸ்ரீரங்கத்துப் பெருமாள் இல்ல, முதலாளி. தலை மாறியிருக்கு."

வெள்ளைச்சாமி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "வருஷா வருஷம் ஏகாதசிக்கு நான் போறேன். நீங்க போறீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"சரி, தலை எந்தப் பக்கம்? நீங்களே சொல்லுங்க."

வெள்ளைச்சாமி கண்ணை மூடினார். கையைக் கூப்பினார். கூட்டம், நெருக்கடி, விளக்கு, யாரோ முதுகில் தள்ளுவது என்று எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். தலை வரவில்லை. "வலது பக்கந்தான்" என்றார் கடைசியில். மெஷின் ஓட்டும் அற்புதசாமியைக் கேட்டார். அவன், "நான் மேலப்புதூர் சர்ச்சுக்குப் போறவன் முதலாளி, என்ன ஏன் இழுக்குறீங்க" என்று ஒதுங்கினான். காகிதம் அடுக்குகிறவர் இடது என்றார், உடனே வலது என்றார், பிறகு தன் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

"இந்தா பாருங்க பாய்" என்றார் வெள்ளைச்சாமி. "ஸ்ரீரங்கத்து ஐயங்கார், பெருமாள் மடியிலயே பொறந்தவரு, பாத்துப் பாத்துப் பொறுக்கிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவருக்குத் தெரியாதது பாலக்கரை பாய்க்குத் தெரிஞ்சிடுச்சா? நம்பர்படி வரைங்க."

காஜா மைதீன் நம்பர்படி வரைந்தார். ஒரு மயிரிழை மாறாமல் வரைந்தார். கோபத்தில் கை இன்னும் நிதானமாக ஓடியது. ஜரிகையின் ஒவ்வொரு இழையும் விழுந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகத் தானே போய் ஐயங்காரிடம் சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியதுண்டு. தோன்றியபோதும் கோபம்தான் வந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று; வீடு வீடாகப் போய் வேறு சொல்ல வேண்டுமா?

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் காலை சௌரிராஜ ஐயங்கார் பிரஸ்ஸுக்கு வந்தார். கையில் ஒரு காலண்டர். மேல்துண்டு தோளிலிருந்து நழுவி ஒரு முனை படியில் இழுபட்டது.

"என்னய்யா காரியம் பண்ணியிருக்கேள்? ஆத்துல மாட்டினேன். அடுக்களையிலேருந்து வந்த எங்காத்துக்காரி, இந்தப் பெருமாள் எந்த ஊர், நம்மூர் இல்லையேங்கறா. மேற்கே திருமுடி, கிழக்கே திருவடி, பொறந்த கொழந்தைக்குத் தெரியும். எரநூறு பேருக்குக் கொடுத்தாச்சு. பஜார்ல நடக்க முடியலை. சௌரி, உன் பெருமாள் பொரண்டு படுத்துண்டுட்டாரான்னு கேக்கறான்."

வெள்ளைச்சாமிக்கு முகம் வெளுத்தது. ஒரு நொடிதான். பிறகு அவர் கை தானாக நீண்டு மூலையில் இருந்த காஜா மைதீனின் மேஜையைக் காட்டியது.

"பாய் வரைஞ்சது சாமி. அவருக்கு எங்க தெரியப்போவுது? நம்ம கோயில் விஷயம். நாந்தான் கவனிச்சிருக்கணும். தப்பு, தப்பு."

ஐயங்கார் திரும்பி, "அதானே பார்த்தேன்" என்றார்.

காஜா மைதீன் எழுந்தார். ஆல்பத்தை எடுத்துவந்து இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் சீட்டை வைத்தார். சீட்டில், 'நெ. 27, மாறக்கூடாது' என்று எழுதி, கீழே சௌரிராஜனின் சுழித்த கையெழுத்து.

ஐயங்கார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"நான் நகையைப் பார்த்தேன்" என்றார் மெல்ல. "பட்டைப் பார்த்தேன்."

"தலையப் பாக்கல" என்றார் காஜா மைதீன்.

"வரையறவனாவது சொல்லப்படாதா ஓய்?"

"சொன்னேன் சாமி. இவரைக் கேளுங்க."

ஐயங்கார் வெள்ளைச்சாமியைப் பார்த்தார். வெள்ளைச்சாமி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதோ சொன்னாரு" என்றார்.

பிறகு ஐயங்கார், யார் தப்போ, வைகுண்ட ஏகாதசிக்குள் சரியான காலண்டர் கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் படி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். காஜா மைதீனிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் தலை மறைந்ததும் வெள்ளைச்சாமி கலகலப்பாகிவிட்டார். "இதுக்கா இந்தக் கூத்து? அதே படத்த அப்படியே இடவலம் திருப்பிக் கல்லுல ஏத்துங்க பாய். தலை இந்தப் பக்கம் வந்துட்டுப் போவுது. ஒரு வாரத்து வேலை."

"திருப்ப முடியாது."

"ஏன்?"

"பூணூல் மாறும். இடது தோள்ல இருக்கறது வலது தோளுக்குப் போகும். அமாவாசையன்னைக்குப் படித்துறையில பாத்திருக்கேன். செத்தவங்களுக்குத் தண்ணி விடும்போது மட்டும்தான் அவங்க அப்படி மாத்திப் போடுவாங்க. சங்கும் சக்கரமும் கை மாறிப்போகும். தலையத் திருப்புனா எல்லாந்தான் திரும்பும்."

"எல்லாத்துலயும் ஒரு குத்தம்" என்றார் வெள்ளைச்சாமி. "அப்ப என்னதான் செய்யணுங்கிறீங்க?"

"புதுசா வரையறேன். ஆல்பம் வேணாம். எனக்குத் தோணுற நிறத்துல, தோணுற மாதிரி. கீழ என் பேர் போடணும்."

"பேரா?"

"காஜா மைதீன்."

வெள்ளைச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. "பெருமாள் படத்துலயா? ஊரே சிரிக்கும் பாய்."

"தப்பு வந்தப்போ யாரு வரைஞ்சதுன்னு கை நீட்டிச் சொன்னீங்கல்ல? அப்ப ஊரு சிரிக்கல. சரியா வந்தாலும் அதே ஆளுதான். நடுவுல கேக்கல. ஓரத்துல, சின்னதா."

"யோவ், சம்பளத்துக்கு வரையற. லேபிள்ல எவன் பேரு போட்டுக்கிறான்? அச்சகத்துப் பேரு போட்டிருக்கு, போதாதா?"

காஜா மைதீன் தன் பென்சில்களை எடுத்துத் துண்டில் முடிந்தார். பாக்கு லேபிளையும், காப்பி வட்டத்தோடு, எடுத்துக்கொண்டார். அற்புதசாமி மெஷினை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்தான். "அண்ணே, ரெண்டு நாள் கழிச்சு வாங்க, ஆறிடும்" என்றான்.

"அவருக்கு ஆறும். எனக்கு ஆறாது."

வீட்டில் கமர் ஜஹான் கேட்டுவிட்டு அவர் கையிலிருந்த துண்டு முடிச்சை வாங்கி வைத்தாள். அப்புறம், "அவங்க சாமிக்குப் பூணூல் எந்தத் தோள்ல கெடந்தா உங்களுக்கென்ன? இதுக்கா வேலைய விட்டீங்க?" என்றாள்.

"தோளுக்காக விடல."

"பின்ன எதுக்கு?"

"பாத்தவன் நான். பாக்காதவன் சொன்னதுதான் செல்லுது. அதுக்கு."

மறுநாள் அவள் தன் அண்ணனிடம் சொல்லி, உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனிக்குப் போர்டு எழுதும் வேலை பிடித்துக் கொடுத்தாள்.

ஏகாதசிக்கு நாலு நாள் முன்னால் அற்புதசாமி வந்தான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. வெள்ளைச்சாமி வெளியூரிலிருந்து ஒரு ஆளை வரவழைத்து, இருபத்தேழாம் நம்பரை அப்படியே திருப்பிப் போட்டு இன்னொரு ஐயாயிரம் அடித்துவிட்டதாகச் சொன்னான். ஒன்றை உருவிக் கொண்டுவந்திருந்தான். தலை இடப்பக்கம் வந்திருந்தது. பூணூல் வலத் தோளில் கிடந்தது.

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்றான் அற்புதசாமி.

காஜா மைதீனுக்குச் சந்தோஷமாக இல்லை. பத்தாயிரம் காகிதம், இரண்டு தடவை, ஒரு ஊர் முழுக்கக் கண்ணிருந்தும். திண்டுக்கல் ரோட்டில் லாரியில் போகிற வாழைத்தாரைக்கூட இதைவிடக் கவனமாகப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள் என்று கத்தினார். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் சௌரிராஜ ஐயங்கார் பாலக்கரைக்கு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். கமர் ஜஹான் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் உட்காரவில்லை.

"நீர் பூணூலைப் பத்திக்கூடச் சொன்னீராம். அந்த மெஷின்காரன் சொன்னான்."

"சொன்னேன்."

"அந்த வெள்ளைச்சாமி மூஞ்சியில இனிமே முழிக்கமாட்டேன். வேற பிரஸ் பார்த்துண்டாச்சு. அடுத்த வருஷக் காலண்டர். இப்பவே ஆரம்பிச்சா நிதானமாப் பண்ணலாம். உம்ம இஷ்டப்படி வரையும். ஆல்பம் கீல்பம் ஒண்ணும் கெடயாது."

இதைக் கேட்பதற்காகத்தான் பதினோரு வருஷம் பல்லைக் கடித்திருந்தார். கேட்டபோது கோபம் குறையவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பேர் போடணும் சாமி."

"அதையும் சொன்னான்." ஐயங்கார் தொண்டையைச் செருமினார். "பேரில்லாமப் பண்ணிக் கொடும். ஒமக்கு நான் எங்க வேணா சொல்லிவெக்கறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"பிரமாதமா வரைவார்னு."

"யாருன்னு?"

ஐயங்கார் தெருவைப் பார்த்தார். "சரி. பீதாம்பரத்து மடிப்புல எங்கயாவது, தெரியாத மாதிரி."

"தெரியணும்."

"காஜான்னு மட்டும் போட்டுக்குமே. மைதீனை விட்டுடும்."

"எங்க வாப்பா ரெண்டையும் சேத்துத்தான் வச்சாரு."

ஐயங்கார் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கைத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்காத்துக்காரி சொல்லித்தான் வந்தேன்" என்றார். "பார்க்கத் தெரிஞ்சவனைக் கூட்டிண்டு வாங்கோன்னா. அவளே சொல்லிட்டா. போடும். ஓரத்துல போடும்."

எட்டு மாதம் அந்தப் படம் அவரைத் தூங்கவிடவில்லை. படித்துறையில் உட்கார்ந்து, உள்ளே போய்வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். முகம் முதலில் தெரிந்ததா, பாதமா? கறுப்பு எப்படிப்பட்ட கறுப்பு? பூக்காரி ஒருத்தி, "நனைஞ்ச கல்லுச்சட்டி மாதிரி" என்றாள். அது போதுமாக இருந்தது. கொள்ளிடத்து மணலின் நிறத்தை அப்படியே பின்னால் விட்டார். அதன்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீளமாக ஒரே கறுப்புப் பட்டை. உற்றுப் பார்த்தால் பெருமாள். இடுப்பில் மஞ்சள் பட்டை, அடியில் பாம்பின் பச்சைப் பட்டைகள். நிழல் இல்லை, தகதகப்பு இல்லை. தலை மேற்கே. பூணூல் இருக்க வேண்டிய தோளில் ஒரு வெள்ளைக் கோடு. கீழே வலது ஓரத்து வெள்ளை இடத்தில், 'காஜா மைதீன், திருச்சி'.

1959 தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனார். காலண்டர் பிடித்துப்போனவர்கள் தேதித் தாளைக் கிழித்து எடுத்துவிட்டுப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு காப்பிக் கடையில் பார்த்தார். மருந்துக் கடையில் பார்த்தார். ஒரு வீட்டு ரேழியில், வாசலில் நின்றபடியே பார்த்தார். மூன்று இடத்திலும் பெருமாள் நன்றாகத்தான் படுத்திருந்தார். மூன்று இடத்திலும் கீழ் ஓரத்தை வெட்டியிருந்தார்கள்.

சட்டம் போடுகிற கடையைத் தேடிப்போனார். முகம்மது கனி என்றிருந்தது போர்டில்.

"ஓரத்த ஏன் வெட்டுறீங்க?"

"சைஸுக்கு வரமாட்டேங்குது பாய். எல்லாப் படத்துலயும் ஓரத்த வெட்டத்தானே செய்வோம்? அங்க என்ன இருக்கு, வெள்ளைக் காகிதந்தானே."

அவன் காலடியில் வெட்டின துண்டுகள் கிடந்தன. கோபம் வந்த வேகத்தில் காஜா மைதீன் குனிந்து ஒன்றை எடுத்தார்; அதில் அவர் பேர் இருந்தது. அவனைத் திட்ட ஒன்றுமில்லை. ஓரத்தில் போதும் என்று கேட்டவர் இவர்தான். வெள்ளைச்சாமியிடம் கேட்டபோதும் ஓரம், ஐயங்காரிடம் ஒத்துக்கொண்டபோதும் ஓரம்.

அங்கிருந்து நேரே ஜவுளிக்கடைக்குப் போனார். ஐயங்கார் முகமெல்லாம் சிரிப்பாக, "வாரும் வாரும். ஊரெல்லாம் நம்ம காலண்டர்தான். அடுத்த வருஷத்துக்கு என்ன யோசிச்சிருக்கீர்?" என்றார்.

காஜா மைதீன் கல்லாவில் இருந்த பென்சிலை எடுத்து, துணி சுற்றும் காகிதத்தில் ஒரு சதுரம் போட்டார். குறுக்கே ஆறு. கரையில் காயும் புடவைகள், நாலைந்து கோடு. நட்ட நடுவில், இரண்டு புடவைக்கு இடையில் இருந்த மணலில், கொட்டை எழுத்தில் தன் பேரை முழுதாக எழுதினார்.

ஐயங்கார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன ஓய் இது, நடுவுலயா?"

"ஆமா சாமி. இனிமே எங்க வெட்டுறாங்கன்னு பாக்குறேன்."